யாருடைய ஓட்டு காத்திருக்க வேண்டும்?

(மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடிய படிப்பு வட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



பெண்கள் ஓட்டுரிமைப் போராட்டம் பற்றிப் பேசச் சொன்னார்கள். அது பெரிய கடல். நான் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். பணம். அமெரிக்காவில் அந்தப் போராட்டத்துக்கு யார் பணம் கொடுத்தார்கள், அந்தப் பணம் என்ன செய்தது, என்ன செய்யாமல் விட்டது. இதை எதுக்கு இங்க வந்து பேசணும்னு கேட்கலாம். நம் இயக்கங்களுக்கு வெளியிலிருந்து பணம் வரும்போதெல்லாம் இரண்டு குரல்கள் கேட்கின்றன. 'யார் கொடுத்தா என்ன, வேலை நடக்கட்டும்' என்பது ஒன்று. 'அந்தக் காசைத் தொட்டாலே தீட்டு' என்பது இன்னொன்று. தீட்டு என்ற சொல் நம் வாயில் வருவதே அசிங்கம், அது ஒருபுறம் இருக்கட்டும். இரண்டுமே கணக்குப் பார்க்காத பேச்சு. நான் வங்கியில் எழுத்தராக வேலை செய்கிறவன். எங்கள் பேரேட்டில் ஒரு பக்கம் வரவு எழுதினால் எதிர்ப்பக்கம் பற்று எழுதியாக வேண்டும். பெண்கள் ஓட்டுரிமை வரலாற்றை எழுதியவர்களில் பலர் ஒரு பக்கத்தை மட்டும் எழுதிவிட்டுப் பேரேட்டை மூடிவிட்டார்கள்.

முதல் பற்று மிகப் பழையது. 1868இல் சூசன் பி. அந்தோணியும் எலிசபெத் கேடி ஸ்டாண்டனும் 'புரட்சி' என்ற பெயரில் ஒரு வாரப் பத்திரிகை தொடங்கினார்கள். கையில் காசு கிடையாது. சிற்றிதழ் நடத்துகிறவர்களுக்கு அந்த நிலைமையை நான் விளக்க வேண்டியதில்லை. பணம் கொடுக்க முன்வந்தவர் ஜார்ஜ் பிரான்சிஸ் டிரெயின் என்ற பணக்கார வியாபாரி. பெண்களுக்கு ஓட்டு வேண்டும் என்றவர். கறுப்பின மக்களை மேடை போட்டு இழிவாகப் பேசியவரும் அவரேதான். அடிமை முறை ஒழிந்து சில ஆண்டுகள்கூட ஆகவில்லை. கறுப்பின ஆண்களுக்கு ஓட்டு கொடுப்பதா என்ற விவாதம் நாடு முழுக்க நடக்கிறது. அந்த நேரத்தில் அந்தப் பத்திரிகையில், படித்த வெள்ளைப் பெண்ணுக்கு இல்லாத ஓட்டு நேற்றுவரை அடிமையாக இருந்தவனுக்கா என்ற தொனியில் ஸ்டாண்டன் எழுதினார். அப்புறம் டிரெயின் கைவிட்டுப் போனார், பத்திரிகை நின்றது. பத்தாயிரம் டாலர் கடன் அந்தோணியின் தலையில் விழுந்தது. ஊர் ஊராகச் சொற்பொழிவு செய்து ஆறு ஆண்டுகளில் அதை அடைத்தார். பணக்கடனை அவர் ஒருவராகவே அடைத்துவிட்டார். கறுப்பினப் பெண்களிடம் பட்ட கடன் அப்படியே நின்றது.

இனி சீமாட்டிகளுக்கு வருகிறேன்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் பெரும்பணம் உள்ளே வருகிறது. ஆல்வா பெல்மாண்ட் என்ற பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். 1853இல் அலபாமாவில், அடிமைகளை வைத்திருந்த குடும்பத்தில் பிறந்தவர். ரயில்வேயில் கொழுத்த வாண்டர்பில்ட் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டார். 1895இல் கணவரை விவாகரத்து செய்தார். அந்த வர்க்கத்தில் அன்றைக்கு அது பெரிய அவமானம். அதே ஆண்டில், தன் மகளின் விருப்பத்தை மிதித்து அவளை இங்கிலாந்துப் பிரபு ஒருவருக்குக் கட்டிக்கொடுத்தவரும் இவர்தான். மறுமணம் செய்த கணவர் பெல்மாண்ட் 1908இல் இறந்தார். மறு ஆண்டே ஆல்வா ஓட்டுரிமை இயக்கத்துக்கு வருகிறார்.

இந்த வரிசையைக் கவனியுங்கள். பெரிய தொகை கொடுத்த பல சீமாட்டிகள் விதவைகள், அல்லது விவாகரத்து வாங்கியவர்கள். சர்க்கரை முதலாளி ஹேவ்மேயரின் மனைவி லூயிசின் அப்படித்தான். பத்திரிகை முதலாளி பிராங்க் லெஸ்லியின் மனைவி மிரியம் அப்படித்தான். நம்ம ஊர் பாஷையில் சொன்னால், தாலி இறங்கின பிறகுதான் காசோலையில் கையெழுத்துப் போட முடிந்தது. மாளிகையில் இருந்தாலும் பணம் புருஷன் பெயரில்தான். ஆகவே இவர்கள் வெறும் பொழுதுபோக்குக்கு வந்தார்கள் என்று கேலி பேசுவது சரியல்ல. பெண்ணடிமைத்தனத்தின் சூட்டை அவர்களும் உணர்ந்திருந்தார்கள். ஆனால் சூடு வேறு, தீ வேறு. தீயில் யார் நின்றார்கள் என்பதைக் கொஞ்ச நேரத்தில் சொல்கிறேன்.

முதலில் வரவைச் சொல்லிவிடணும், நியாயமாக. 1909வரை அமெரிக்கத் தேசியப் பெண்கள் ஓட்டுரிமைச் சங்கத்தின் தலைமையகம் ஒஹாயோ மாநிலத்தில் வாரன் என்ற சிற்றூரில் இருந்தது. ஆல்வா அதை நியூயார்க்கின் ஐந்தாம் அவென்யூவுக்குக் கொண்டுவந்தார். ஒரு மாடி முழுவதற்கும் வாடகை கொடுத்தார். பத்திரிகைகளுக்குச் செய்தி தரத் தனிப் பிரிவு வைத்தார். அதற்கு முன்பே, 1906இல், பால்டிமோரின் செல்வப் பெண்கள் மேரி காரெட்டும் கேரி தாமஸும் சேர்ந்து அந்தச் சங்கத்துக்கு அறுபதாயிரம் டாலர் திரட்டித் தந்திருந்தார்கள். அதனால் என்ன ஆனது? முழுநேர ஊழியர்களுக்குச் சம்பளம் வந்தது. சொந்த வீடும் வருமானமும் உள்ளவர்கள் மட்டுமே ஊழியம் செய்ய முடியும் என்ற நிலை கொஞ்சம் மாறியது. 1914இல் மிரியம் லெஸ்லி இறந்தபோது ஏறத்தாழ இருபது லட்சம் டாலர் சொத்தை ஓட்டுரிமைப் போராட்டத்துக்கென்று கேரி சாப்மன் கேட் பெயரில் எழுதிவைத்திருந்தார். உறவினர்கள் வழக்குப் போட்டார்கள். வழக்குச் செலவெல்லாம் போக, கைக்கு வந்தது சுமார் பத்து லட்சம். 1917இலிருந்து அந்தப் பணம்தான் பத்திரிகையாக, துண்டறிக்கையாக, மாநிலம் மாநிலமாகப் போன அமைப்பாளர்களின் ரயில் கட்டணமாக மாறியது. 1917 நவம்பரில் நியூயார்க் மாநிலத்தில் வெற்றி. 1920 ஆகஸ்டில் டென்னசி சட்டமன்றத்தில் ஒரே ஒரு உறுப்பினர் மனம் மாறியதால் கிடைத்த இறுதி வெற்றி. இந்தப் பணம் இல்லாவிட்டால் இன்னும் பல ஆண்டுகள் ஆகியிருக்கும். இதை மறைத்துப் பேசுவது நாணயமில்லை.

இப்போது எதிர்ப்பக்கம்.

1909 நவம்பரில் நியூயார்க்கில் சட்டை தைக்கும் பெண்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். ஏறத்தாழ இருபதாயிரம் பேர். பெரும்பாலும் யூத, இத்தாலியக் குடியேறிகள். பதினாறு, பதினெட்டு வயதுப் பெண்கள். கிளாரா லெம்லிச் என்ற தொழிலாளிப் பெண், பெரிய தலைவர்களெல்லாம் பேசிக்கொண்டே இருந்த கூட்டத்தில் எழுந்து, பேசினது போதும், வேலைநிறுத்தம் என்று தீர்மானம் வைத்தார். மறியலில் நின்றவர்களைப் போலீஸ் அடித்து இழுத்துப் போனது. அப்போதுதான் சீமாட்டிகள் வந்தார்கள். ஆல்வா பெரிய அரங்கை வாடகைக்கு எடுத்துக் கூட்டம் நடத்தினார். இரவு நீதிமன்றத்தில் விடிய விடிய உட்கார்ந்து, தன் மாளிகையையே ஈடாகக் காட்டி, பிடிபட்ட பெண்களை ஜாமீனில் எடுத்தார். வங்கி முதலாளி மார்கனின் மகள் ஆன் மார்கனும் கூட நின்றார். அவர்கள் போட்டிருந்த விலையுயர்ந்த மென்மயிர்க் கோட்டுகளை வைத்துப் பத்திரிகைகள் அவர்களை 'மிங்க் படை' என்று எழுதின. சீமாட்டி பக்கத்தில் நின்றால் போலீஸ்காரன் தடியை ஓங்க யோசித்தான். அது உண்மை. ஆனால் அதே பெண் தனியாக நின்றபோது அடித்தது சட்டப்படி சரியாக இருந்தது என்பதும் அதே உண்மைதான்.

1910 ஜனவரியில் ஆன் மார்கன் பின்வாங்கினார். மேடையில் சோசலிஸ்டுகள் பேசுவது ஆபத்து என்று பத்திரிகைகளில் அறிக்கை விட்டார். இரக்கம் எதுவரைக்கும் என்று அப்போது தெரிந்துபோனது. அடி வாங்கியவள் அழுதால் கூட நிற்பார்கள். அடித்தவனின் சொத்து யாருடைய உழைப்பு என்று அவள் கேட்டால் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். பிப்ரவரியில் போராட்டம் முடிந்தது. டிரையாங்கிள் என்ற தொழிற்சாலை சங்கத்தை ஏற்கவேயில்லை. 1911 மார்ச் 25 அன்று அங்கே தீப்பிடித்தது. ஒரு கதவு பூட்டியிருந்தது. 146 பேர் செத்தார்கள். நான் சொன்ன தீ இதுதான். அடுத்த வாரம் மெட்ரோபாலிட்டன் இசையரங்கில் அஞ்சலிக் கூட்டம். அரங்குக்கு ஏற்பாடு செய்தவர் ஆன் மார்கன். அந்த மேடையில் ரோஸ் ஷ்னைடர்மன் என்ற தொழிலாளிப் பெண் பேசினார். உங்களோடு நட்புப் பேச வந்தால் அது எரிந்துபோன உடல்களுக்குச் செய்யும் துரோகம், தொழிலாளர்கள் தங்களைத் தாங்களேதான் காப்பாற்றிக்கொள்ள வேண்டும் என்ற பொருளில், சத்தம் போடாமல் பேசினார். அவர்கள் எடுத்துக்கொடுத்த அரங்கில் நின்றே இதைச் சொன்னார். அரங்கை வேண்டாம் என்று சொல்லவில்லை. பேச்சை அடகு வைக்கவும் இல்லை. தோழர்களே, இதை மனதில் வையுங்கள்.

கறுப்பினப் பெண்களின் கணக்கு இன்னும் மோசம். 1910இல் ஆல்வா அவர்களைத் தன் சங்கத்துக்கு அழைத்தார். நியூயார்க்கில் அவர்களுக்கென்று ஒரு கிளையும் வந்தது. கிளைதான், தனியாக. சில ஆண்டுகளில் அதே ஆல்வா, கேட் கார்டன் என்பவர் நடத்திய தென்மாநில ஓட்டுரிமை மாநாட்டு அமைப்புக்கும் பணம் கொடுத்தார். அந்த அமைப்பு என்ன சொன்னது தெரியுமா? வெள்ளைப் பெண்களுக்கு ஓட்டுக் கொடுத்தால் தெற்கில் வெள்ளையர் ஆதிக்கம் பலப்படும் என்றது. ஒரே கையெழுத்து, இரண்டு காசோலை. ஒன்று கறுப்பினப் பெண்களுக்குக் கிளை. இன்னொன்று அவர்கள் கழுத்துக்குக் கயிறு.

1913 மார்ச் 3 அன்று வாஷிங்டனில் பெரிய ஊர்வலம். ஐடா பி. வெல்ஸ் சிகாகோவிலிருந்து வந்தார். கறுப்பின மக்களை மரத்தில் தொங்கவிட்டுக் கொன்ற கும்பல்களுக்கு எதிராக உயிரைப் பணயம் வைத்து எழுதிய பத்திரிகையாளர். தெற்கத்திப் பெண்கள் கோபித்துக்கொள்வார்கள், நீங்கள் கடைசியில் வாருங்கள் என்று அவரிடம் சொன்னார்கள். நமக்குத் தெரியாத வார்த்தையா இது? பந்தியிலும் தேரிலும் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போன வார்த்தை. வெல்ஸ் வாதாடினார். பிறகு காணாமல் போனார். ஊர்வலம் நகர்ந்தபோது கூட்டத்திலிருந்து வெளியே வந்து இல்லினாய் மாநில அணியில், இரண்டு வெள்ளைத் தோழியர் இருபுறமும் நடக்க, சேர்ந்துகொண்டார். அதே ஊர்வலத்தில் ஹோவர்டு பல்கலைக்கழகத்தின் கறுப்பின மாணவிகள் நடந்தார்கள். அவர்கள் தங்கள் அமைப்பைத் தொடங்கி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அவர்களோடு நடந்தவர் மேரி சர்ச் டெரல். டெரலின் தந்தை அடிமையாகப் பிறந்து தெற்கின் பெரும் பணக்காரர்களில் ஒருவராக ஆனவர். டெரலும் படித்தவர், வசதியானவர். அந்த வசதி, அவரை ஊர்வலத்தின் முன்வரிசைக்குக் கொண்டுபோகவில்லை. பணம் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்மிடம் சொல்கிறவர்களுக்கு டெரலைக் காட்டுங்கள்.

1920இல் சட்டத் திருத்தம் வந்தது. தாளில் எல்லாப் பெண்களுக்கும் ஓட்டு. தெற்கில் கறுப்பினப் பெண் பதிவு செய்யப் போனால் தேர்தல் வரி, எழுத்தறிவுச் சோதனை, அடி. 1921 பிப்ரவரியில் தேசியப் பெண்கள் கட்சி வாஷிங்டனில் வெற்றி மாநாடு நடத்தியது. நாடாளுமன்றக் கட்டடத்தில் முன்னோடிகளுக்குச் சிலை திறந்தார்கள். மூவரும் வெள்ளைப் பெண்கள். அப்போது அட்டி ஹன்டன் தலைமையில் அறுபது கறுப்பினப் பெண்கள் கட்சித் தலைவர் ஆலிஸ் பாலைப் பார்த்தார்கள். எங்கள் ஓட்டு பறிக்கப்படுகிறது, இதையும் எடுத்துக்கொண்டு போராடுங்கள் என்று கேட்டார்கள். அது இனப் பிரச்சினை, பெண்கள் பிரச்சினை இல்லை என்பதே பதிலாக இருந்தது. அந்த ஆண்டே அந்தக் கட்சியின் தலைவரானவர் ஆல்வா பெல்மாண்ட்.

1962 ஆகஸ்டில் மிசிசிப்பியில் பேனி லூ ஹேமர் என்ற பருத்திக் கூலிப் பெண் ஓட்டுப் பதிவுக்குப் போனார். அன்றைக்கே தோட்டத்து முதலாளி அவரை வெளியே துரத்தினான். மறு ஆண்டு சிறையில் அடித்தே நொறுக்கினார்கள். ஓட்டுரிமைச் சட்டம் 1965இல் வந்தது. 1920க்கும் 1965க்கும் இடையில் 45 ஆண்டு. சீமாட்டிகளின் பேரேட்டில் எழுதாமல் விட்ட பற்று அதுதான்.

பணம் கொடுக்காமல் வேறொன்றைக் கொடுத்த ஒரு சீமாட்டியும் உண்டு. அவர் இங்கிலாந்துக்காரர், கான்ஸ்டன்ஸ் லிட்டன். அவருடைய தகப்பனாரை நமக்குத் தெரியும். தாது வருஷப் பஞ்சத்தில் சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கில் நம் மக்கள் செத்துக்கொண்டிருந்தபோது, 1877 ஜனவரியில் டெல்லியில் தர்பார் நடத்திய வைசிராய் லிட்டன் பிரபு. மகள் ஓட்டுரிமைக்காகச் சிறைக்குப் போனார். 1909இல் உண்ணாவிரதம் இருந்தபோது, இதயம் பலவீனம் என்று சொல்லி மருத்துவர்கள் உடனே விடுவித்தார்கள். இது என் இதயத்துக்கா, என் பட்டத்துக்கா என்ற கேள்வி அவருக்கு வந்தது. 1910 ஜனவரியில் முடியை வெட்டிக்கொண்டு, மலிவான துணி உடுத்தி, ஜேன் வார்ட்டன் என்ற தையல்காரியாக லிவர்பூலில் கைதானார். இதயத்தை ஒழுங்காகச் சோதிக்கவே இல்லை. தொண்டையில் குழாயைத் திணித்து எட்டு முறை உணவு புகட்டினார்கள். யார் என்று தெரிந்ததும் விட்டுவிட்டார்கள். 1912இல் பக்கவாதம் வந்து வலதுபுறம் செயலிழந்தது. இடது கையால் அந்த அனுபவத்தைப் புத்தகமாக எழுதினார். ஒரே உடம்பு, இரண்டு பெயர், இரண்டு மருத்துவம். அரசு என்பது ஆளைப் பார்க்காது என்கிறவர்களின் முகத்தில் அவர் அதை எழுதிக்காட்டினார். ஆனால் ஜேன் வார்ட்டன் வேஷத்தை அவரால் கலைக்க முடிந்தது. உண்மையான தையல்காரிக்குக் கலைக்க வேறு பெயர் கிடையாது.

அந்த நாட்டிலும் 1918இல் சட்டம் வந்தபோது முப்பது வயதுக்கு மேற்பட்ட, தன் பெயரிலோ கணவன் பெயரிலோ வீடுவாசல் உள்ள பெண்களுக்கே ஓட்டு. பட்டதாரிகளுக்கும் உண்டு. 84 லட்சம் பேருக்குக் கிடைத்தது. போர்க்காலத்தில் குண்டு செய்த இளம்பெண்களுக்கும், எசமானி வீட்டிலேயே தங்கி வேலை செய்த பணிப்பெண்களுக்கும் கிடைக்கவில்லை. அவர்கள் 1928வரை காத்திருந்தார்கள். எசமானி ஓட்டுப் போடப் போனபோது கோட்டை எடுத்துக் கொடுத்தவள் வாசலில் நின்றாள்.

இந்த அளவுகோல் கப்பலேறி இங்கேயும் வந்தது. 1917 டிசம்பரில் சரோஜினி நாயுடு தலைமையில் பெண்கள் தூதுக்குழு சென்னையில் மாண்டேகுவைச் சந்தித்து ஓட்டுக் கேட்டது. ஏற்பாடு செய்தவர், அயர்லாந்தில் ஓட்டுரிமைக்காகச் சிறை போன மார்கரெட் கசின்ஸ். 1921இல் சென்னை மாகாணம் பெண்களுக்கு ஓட்டுக் கொடுத்தது. இந்தியாவிலேயே முதல் மாகாணச் சட்டமன்றம் என்று பெருமையாகச் சொல்வார்கள். சொத்தும் வரியும்தான் தகுதி. சேரியில் யார் பெயரில் பட்டா இருந்தது? 1930இல் லண்டன் வட்டமேசை மாநாட்டுக்குப் பெண்கள் சார்பில் போன இருவரில் ஒருவர் ராதாபாய் சுப்பராயன், குமாரமங்கலம் ஜமீன் குடும்பத்தவர். அதே மாநாட்டில் அண்ணல் அம்பேத்கரும் நம் இரட்டைமலை சீனிவாசனும் வயது வந்த எல்லோருக்கும் ஓட்டு வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார்கள். 1931இல் பெண்கள் அமைப்புகளும் எல்லோருக்கும் ஓட்டு என்றன, ஆனால் ஒதுக்கீடு வேண்டாம் என்றன. ஒதுக்கீடு இல்லாமல் எந்த வீட்டுப் பெண் ஜெயிப்பாள் என்ற கணக்கை அவர்கள் போடவில்லை. மேலே இருப்பவர் தனக்கு என்று கேட்டால் அது தனக்கு மட்டும் கிடைக்கும்படி கேட்க வழி உண்டு. அடியில் இருப்பவருக்கு அந்த வழி கிடையாது. அவர் எல்லோருக்கும் என்று கேட்டால்தான் அவருக்கும் கிடைக்கும்.

முடிக்கிறேன். சீமாட்டிகள் கெட்டவர்கள் என்று சொல்ல நான் இவ்வளவு நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. அவர்கள் பணம் இல்லாமல் வெற்றி இல்லை. அவர்கள் பணத்தோடு வந்த வெற்றியில் யார் பிறகு வரலாம் என்பதை அவர்களும் அவர்களுடைய தலைவர்களும் முடிவு செய்தார்கள். பணம் வாங்கியது அங்கே தவறாகவில்லை. பேரம் நடந்த அறையில் கறுப்பினப் பெண்ணும் தையல்காரியும் இல்லாததுதான் தவறானது. ஐடா வெல்ஸ் இதைப் புரிந்துகொண்டவர். 1913இல் சிகாகோவில் ஆல்பா ஓட்டுரிமைக் கழகத்தைத் தொடங்கினார். மாளிகைப் பணம் கிடையாது. கறுப்பினப் பெண்கள் வீடுவீடாகப் போய்ப் பதிவு செய்யவைத்தார்கள். ஆண்கள் சிலர் வீட்டுக்குப் போய்ச் சமையலைப் பாருங்கள் என்று கேலி செய்தார்கள். 1915இல் சிகாகோ மாநகராட்சிக்கு முதல் கறுப்பின உறுப்பினரை அந்த உழைப்பு அனுப்பிவைத்தது.

அந்த ஆண்களின் கேலி நமக்கும் சேர்த்துத்தான். 'முதலில் சாதி ஒழியட்டும், பெண்கள் பிரச்சினையை அப்புறம் பார்க்கலாம்' என்று நம் மேடைகளில் பேசுகிறோம். தலித் பெண்ணிடம் அதைச் சொல்லும்போது நாம் ஆலிஸ் பாலின் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறோம். அதற்கு மாளிகை வேண்டியதில்லை, ஒலிபெருக்கி போதும்.

ஆகவே பணம் வந்தால் வாங்குங்கள். ரசீது கொடுங்கள். கணக்கைப் பொதுக்கூட்டத்தில் படியுங்கள். வெளியார் பணம் நாளைக்கு நின்றாலும் பத்திரிகையின் அடுத்த இதழ் வரும் அளவுக்கு, இரண்டு ரூபாய் ஐந்து ரூபாய் என்று நம் மக்களிடமே சந்தா வசூலியுங்கள். அடுத்து, யார் கொஞ்சம் காத்திருக்கலாம் என்ற பேச்சு ஏதாவது ஒரு கூட்டத்தில் வந்தால், காத்திருக்கச் சொல்லப்படுகிறவர் அந்த அறையில் இருக்கிறாரா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் தீர்மானம் போடாதீர்கள். கூட்டத்தை ஒத்திவைத்துவிட்டு, போய் அவரைக் கூட்டிக்கொண்டு வாருங்கள்.